தாய்ப்பாலுக்கு விலை கொடுப்பது யார்?

"உன் உடம்பிலேயே ரத்தம் இல்லை, உன் பாலில் என்ன சத்து இருக்கப் போகிறது?"

பிள்ளை பெற்ற உழைப்பாளிப் பெண் யாரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் தப்பியதில்லை. மாமியார் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். மருந்துக் கடைக்காரர் பால்மாவு டின்னை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டே சொல்வார். குழந்தை இரவில் இரண்டு முறை கூடுதலாக அழுதால் போதும், பழி தாயின் மார்பின் மேல் விழுகிறது. கேட்டுக் கேட்டு அவளும் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

இந்தப் பேச்சு பொய். ஆனால் இதற்கு நேர் எதிரான இன்னொரு பொய்யும் நடமாடுகிறது. "ஏழைத் தாயின் பாலும் பணக்காரத் தாயின் பாலும் ஒன்றுதான் என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். பிறகு தாய்க்கு என்ன தனிச் சாப்பாடு? என்ன தனி லீவு?" என்பது அது. முதல் பொய்யால் டின் வியாபாரி பிழைக்கிறான். இரண்டாவது பொய்யால் முதலாளியும் நிலச்சுவான்தாரும் சர்க்காரும் தப்பித்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே உண்மை என்ன என்பதைத் தொழிலாளி வர்க்கம் தெரிந்துகொள்ள வேண்டும்.

100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் பால்சர்க்கரையும், 1 கிராம் புரதமும், 4 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பும், 30 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. நோயை எதிர்க்கும் பொருள்கள் வேறு. அவற்றை எந்தக் கம்பெனியும் இன்றுவரை டின்னில் அப்படியே அடைத்துக் கொடுத்ததில்லை. முதல் ஆறு மாதத்தில் ஒரு தாய் நாளொன்றுக்குச் சுமார் முக்கால் லிட்டர் பால் கொடுக்கிறாள்.

வயிறார உண்ணாத தாயின் பாலில் இவை எவ்வளவு குறைகின்றன? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர்கள் நமது குன்னூரில் இருந்தார்கள். 1918ல் பெரிபெரி நோயை ஆராய அங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஓர் அறையில் தொடங்கிய வேலை, பின்னர் உணவுச் சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958ல் அது ஐதராபாத்துக்குச் சென்றது. டாக்டர் சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் ஏழை இந்தியத் தாய்மாரின் பாலைச் சோதித்து 1958, 1959 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தத் தாய்மார் பற்றாக்குறை உணவில் வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்கள் பாலில் புரதமும் பால்சர்க்கரையும் வளமான நாட்டுத் தாய்மாரின் பாலில் இருப்பதற்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்தன! குறைந்திருந்தவை முக்கியமாகச் சில வைட்டமின்கள்.

சாப்பாட்டில் இல்லாதது பாலில் எப்படி வந்தது? வானத்திலிருந்து வரவில்லை. தாயின் உடம்பிலிருந்து வந்தது. விளைச்சல் பொய்த்த வருஷம் குடும்பம் விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவதில்லையா? அதைப் போல அவள் உடம்பு தன் சதையையும் சேமிப்பையும் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது.

சுண்ணாம்புச் சத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பாலோடு நாள்தோறும் சுமார் 200 மில்லிகிராம் வெளியே போகிறது. முதல் சில மாதங்களில் தாயின் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் உள்ள தாதுச் சத்தில் நூற்றுக்கு 5 பங்குவரை குறைவதுண்டு. நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ளவளுக்குப் பால் நிறுத்திய பின் அது திரும்பச் சேர்ந்துவிடுகிறது. உடம்பே அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் கூழுக்கும் ஊறுகாய்க்கும் நடவுக்குப் போகிறவளுக்கு எதிலிருந்து திரும்பச் சேரும்? அதற்குள் அடுத்த கர்ப்பம் வந்துவிட்டால்? நாற்பது வயதில் நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களை "வயசாயிடுச்சு" என்று சொல்லி நாம் கடந்து போகிறோம்.

ரத்தத்தின் கதையும் இதுதான். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். தமிழ்நாட்டில் 53 பேர். தாய்ப்பாலில் இரும்புச் சத்து இயற்கையிலேயே குறைவு. தாய் சோகையாயிருப்பதால் அது பெரிதாக மாறுவதில்லை. முதல் ஆறு மாதம் குழந்தை வாழ்வது, வயிற்றிலிருக்கும்போதே தாயிடமிருந்து வாங்கி வைத்த இரும்பைக் கொண்டு. நிறைமாதக் கர்ப்பிணி தலையில் கல் சுமந்தால், குறைமாதத்தில் பிள்ளை பிறந்தால், அந்தக் கையிருப்பே குறைந்துவிடுகிறது. எனவே தாய்ப்பாலைப் பற்றிய பேச்சைப் பிரசவத்தன்று ஆரம்பிப்பது காலம் கடந்த ஆரம்பம். கர்ப்பம் தரித்த நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரி, தாயின் சாப்பாட்டில் குறைந்தால் பாலிலும் குறைகிற சத்துக்கள் எவை? வைட்டமின் ஏ, பி வகைகள், அயோடின் ஆகியவை. இங்கே தாயின் உடம்பாலும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. நமது மாகாணமே இதற்கு ஒரு கொடிய பாடத்தைக் கண்டது.

பழைய சென்னை ராஜதானியின் வடகோடியில், வடசர்க்கார் ஜில்லாக்களில், மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசியே ஜனங்களின் சாப்பாடு. தவிடோடு வைட்டமின் பி 1 போய்விட்டது. தாய்மார் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். சிலருக்குக் கைகால் மரத்துப்போனதோடு சரி. ஆனால் அவர்கள் பாலில் அந்தச் சத்து இல்லை. கொழுகொழுவென்று இருந்த இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென்று மூச்சுத் திணறி, இதயம் நின்று, சில மணி நேரத்தில் இறந்தது. சிசு பெரிபெரி என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். குன்னூர் கூடத்தார் 1940களின் தொடக்கத்திலேயே இதை எழுதி வைத்தார்கள்.

அதே ராஜதானியின் தென்பகுதியில், அதே அளவு ஏழைகளான தமிழ் உழவர்களின் குழந்தைகள் அப்படிச் சாகவில்லை. காரணம் புழுங்கலரிசி! நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி 1 சத்து அரிசிக்குள் இறங்கிக்கொள்கிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. நெல் அவித்துக் களத்தில் காயப்போட்ட நம் பாட்டிமார் வைட்டமின் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனாலும் எத்தனையோ ஆயிரம் உயிர்களை அவர்கள் கைகள் காத்தன. (சோறு வடித்த கஞ்சியிலும் அந்தச் சத்தில் ஒரு பங்கு கரைந்து வருகிறது. அதைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டுகிறவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.)

இன்னொரு பாடம் வேலூரிலிருந்து வந்தது. 1962ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள், தாய்ப்பாலை மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். உட்கார்ந்த குழந்தை உட்கார மறந்தது. முகத்தில் சிரிப்பு போயிற்று. கைகால் தானாக ஆடிற்று. தோல் கறுத்தது, ரத்தம் வெளுத்தது. தாயின் உடம்பில் பி 12 என்ற வைட்டமின் இல்லை. ஆகவே பாலிலும் இல்லை. இந்தச் சத்து எந்தக் கீரையிலும் எந்தத் தானியத்திலும் கிடையாது. பால், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு அந்தச் சத்தைக் கொடுத்ததும் தேறினார்கள். முட்டையையும் மீனையும் ஏழைத் தாயின் தட்டிலிருந்து விலக்குவது புனிதம் என்று உபதேசிக்கிறவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் குழந்தைகளை நினைத்துக்கொள்ளட்டும்.

இதுவரை சோற்றைப் பற்றிச் சொன்னோம். சோறு மட்டும் போதுமா? போதாது. பாலுக்கு நேரம் வேண்டும். இந்த விஷயத்தை முதலாளிகள் பேசவே மாட்டார்கள். நம் சங்கத் தோழர்களும் அதிகம் பேசியதில்லை.

குழந்தை குடிக்கத் தொடங்கும்போது வரும் பால் நீர்த்திருக்கும், தாகம் தீர்க்கும். குடிக்கக் குடிக்கக் கொழுப்பு ஏறுகிறது. மார்பு காலியாகும் தறுவாயில் வருகிற பாலில்தான் கொழுப்பு அதிகம், வயிறு நிறைக்கும் தெம்பு அதிகம். மேஸ்திரி கத்துகிறார் என்று ஐந்து நிமிஷத்தில் பிள்ளையைப் பிடுங்கிவிட்டு ஓடுகிற தாயிடம் குழந்தை வாங்குவது முன்பால் மட்டுமே. அதே தாய், அதே உடம்பு, அதே சாப்பாடு. நேரத்தைத் திருடியதால் சத்தும் திருடு போகிறது.

அதைவிடப் பெரிய கெடுதலும் உண்டு. பால் சுரப்பது குழந்தை குடிப்பதைப் பொறுத்தது. எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு ஊறும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்களே, அதேதான். எட்டு மணி நேர ஷிப்டும் அதற்குமேல் ஓவர்டைமும் போக வரப் பயணமுமாகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மார்பில் பால் தங்கிவிட்டால், உடம்பு "இங்கே பால் தேவையில்லை" என்று தானே நிறுத்தத் தொடங்குகிறது. நூற்பாலைக் கழிப்பறையில் நின்று, பால் கட்டிக்கொண்ட வலி தாளாமல் சுவரில் பீச்சிவிட்டு மறுபடி மிஷினுக்குத் திரும்பிய பெண்கள் எத்தனை பேர்! நான்கு வாரத்தில் பால் நின்றுவிடுகிறது. உடனே ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "அவளுக்குப் பால் இல்லை." பாலை வற்றச் செய்தது ஷிப்டு, பழி சுமப்பது தாய்.

வயலில் என்ன நிலை? முன்பெல்லாம் வரப்பு மரத்தில் தூளி கட்டி, நடவுக்கு நடுவே ஏறி வந்து பால் கொடுத்தார்கள். இப்போது லோடு ஆட்டோவில் நான்கு ஊர் தாண்டி ஏற்றிச் செல்லும் காண்ட்ராக்ட் நடவில் கைப்பிள்ளைக்கு இடமில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு சிறு நாடு. அங்கே கெனேபா என்ற கிராமத்தில் நெல் பயிரிடும் பெண்களை இங்கிலாந்து விஞ்ஞானிகள் 1970களிலும் 80களிலும் பல வருஷம் கவனித்தார்கள். மழைக்காலம் வந்தால் அங்கேயும் வயலில் வேலை உச்சம். வீட்டில் குதிர் காலி. தாய்மார் இளைத்தார்கள், பாலும் குறைந்தது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு நாள்தோறும் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். பாலின் அளவு கூடவில்லை. தாய்மாரின் உடம்புதான் தேறிற்று.

இதைப் படித்த சில கணக்குப்பிள்ளைகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? பால் கூடாவிட்டால் தாய்க்குச் சோறு போட்டு என்ன லாபம் என்றார்கள்! பால் கறக்கும் மாட்டுக்குப் பிண்ணாக்குக் கணக்குப் பார்ப்பதுபோல் மனுஷிக்கும் கணக்குப் பார்க்கிற புத்தி இது. அவள் பாலுக்காக மட்டுமா பிறந்தவள்? அவள் உடம்பு தேறியதே போதுமான லாபம் என்பது எங்கள் கட்சி.

டின் வியாபாரத்துக்கு வருவோம். 1939ல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், அங்கிருந்த வியாபாரப் பிரமுகர்கள் முன்னாலேயே எழுந்து நின்று, குழந்தைகளுக்கு டின்பால் விற்கும் விளம்பரம் கொலைக்குச் சமம் என்று பேசினார். அவர் பேச்சின் தலைப்பே "பாலும் கொலையும்". அசுத்தத் தண்ணீரில் கரைத்து, விலை கட்டாமல் நீர்க்க நீர்க்கக் கலக்கிக் கொடுத்த பாலில் ஏழைக் குழந்தைகள் பேதியிலும் பட்டினியிலும் இறந்ததை அவர் கண்ணால் கண்டவர். அதற்குப் பின் நாற்பது வருஷம் கழித்து, 1981 மே மாதத்தில்தான் உலக சுகாதார சபை இந்த விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டது. ஆதரித்த நாடுகள் 118. எதிர்த்து விழுந்த ஓட்டு ஒன்றே ஒன்று. அது அமெரிக்காவின் ஓட்டு என்று சொல்லவும் வேண்டுமா? நம் நாட்டில் 1992ல் சட்டம் வந்தது. குழந்தைப் பால்மாவை விளம்பரம் செய்யக்கூடாது. ஆனால் பிள்ளையைத் தாயிடமிருந்து பத்து மணி நேரம் பிரிக்கும் ஷிப்டு இருக்கும்வரை டின் கம்பெனிக்கு விளம்பரம் எதற்கு? மில் சங்கே அதற்கு விளம்பரம்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன? சோவியத் சர்க்கார் ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே, 1917 டிசம்பரில், பிரசவத்துக்கு முன் 8 வாரமும் பின் 8 வாரமும் உதவித் தொகையுடன் ஓய்வு என்று ஆணையிட்டது. உலகத் தொழிலாளரின் போராட்டமும் அந்த உதாரணமும் சேர்ந்து மற்ற நாடுகளை அசைத்தன. சென்னை ராஜதானியில் 1934ல் பிரசவ உதவிச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 1961ல் 12 வாரம் வந்தது. 2017ல் 26 வாரமாயிற்று. 2020ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 26 வாரம் எழுதியிருக்கிறார்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை, 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம், எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன.

காகிதத்துக்கும் மில்லுக்கும் உள்ள தூரத்தை நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு ஜில்லாக்களின் நூற்பாலைகளில் கல்யாணமாகாத இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய கேம்ப் கூலி முறை எதற்காக வந்தது? பிள்ளை பெறுகிறவள் செலவு, பிள்ளை பெறாதவள் லாபம் என்ற கணக்குதானே? நிரந்தரத் தொழிலாளியைக் காண்ட்ராக்ட் பெயரில் மூன்றாகப் பிரித்து எழுதினால் காப்பகம் எங்கே, 26 வாரம் எங்கே? குழந்தை ஊரில் பாட்டியிடமும் தாய் இருபது மைல் தள்ளி மில்லிலும் இருந்தால், அந்த இரண்டு இடைவேளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

விவசாயத் தொழிலாளிப் பெண்ணுக்கு அந்தக் காகிதமும் இல்லை. அவளுக்கு முதலாளி யார் என்பதே தினம் மாறுகிறது. 2013ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவி என்று சொன்னது. மத்திய சர்க்கார் 2017ல் கொண்டுவந்த திட்டமோ 5,000 ரூபாய், அதுவும் முதல் பிள்ளைக்கு மட்டும் என்று சுருக்கிற்று. பார்லிமெண்டு போட்ட சட்டத்தை மந்திரி காரியாலயம் வெட்டிய கதை இது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவி 1987ல் 300 ரூபாயில் தொடங்கி, 2018ல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. அதில் 14,000 ரொக்கம், மீதி சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம் அடங்கிய பெட்டகங்கள். மற்ற மாகாணங்களைப் பார்க்க இது மேல்தான். மறுக்கவில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி நாளைக்கு 336 ரூபாய். 14,000 ரூபாய் ஏறத்தாழ 42 நாள் கூலி. மில் பெண்ணுக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட 26 வாரத்தில், வாரம் ஆறு நாள் வைத்தால் 156 வேலை நாள். கூலி 52,416 ரூபாய். வயல் பெண்ணின் உடம்பு மில் பெண்ணின் உடம்பில் நான்கில் ஒரு பங்குதானா? பிரசவித்த நாற்பதாம் நாள் அவள் களைக்கொத்தோடு கிளம்புவதற்குக் காரணம் அறியாமையல்ல. இந்தக் கழித்தல் கணக்கு.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளைக்கு 600 கலோரியும் 17 கிராம் அளவு புரதமும் கூடுதலாக வேண்டும் என்று அதே ஐதராபாத் கூடத்தார் 2020ல் வரையறுத்தார்கள். வீட்டு மொழியில் சொன்னால், தினம் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக. அதில் ஒரு கை பருப்போ கடலையோ, ஒரு முட்டையோ, கொஞ்சம் நெத்திலிக் கருவாடோ சேர வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. முருங்கைக்கீரையிலும் அதே அளவு உண்டு. வைட்டமின் ஏ தரும் சத்தும் உண்டு. ரேஷனில் அரிசி கிடைக்கிறது. அந்த அரிசியைப் போராடி வாங்கினோம், விடமாட்டோம். ஆனால் வெறும் அரிசியால் வயிறு நிறையுமே தவிர எலும்பு நிறையாது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வந்தால், மூத்த பிள்ளைகள் பசியோடு பார்க்கும்போது எந்தத் தாய் தனியாகத் தின்பாள்?

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆண் தோழர்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார்? குழம்பில் கிடந்த மீன் துண்டு யார் தட்டுக்குப் போகிறது? முதலாளியிடம் பங்கு கேட்கிறோம். அடுப்படியில் பங்கு சரியாயிருக்கிறதா? பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சொல்லிப் பழம் கூடாது, முட்டை கூடாது, தண்ணீர்கூட அதிகம் கூடாது என்று வாட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூண்டும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் கொடுக்கிற பத்தியம் நல்ல பத்தியம், அதை வைத்துக்கொள்ளுங்கள். பட்டினி போடுகிற பத்தியத்தைத் தூக்கி எறியுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலை "கெட்ட பால்" என்று பீச்சிக் கொட்டுவதும் அப்படியே ஒழிய வேண்டும். நோய் எதிர்ப்பும் வைட்டமின் ஏயும் மிகுந்த பால் அது.

பஞ்சாலைச் சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குக் கோரிக்கைகளைத் தயாரிக்கும்போது, போனசுக்கும் பஞ்சப்படிக்கும் பிறகு கடைசி வரியில் காப்பகத்தைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. பேச்சு முற்றும்போது முதலில் விட்டுக்கொடுப்பதும் அந்த வரியைத்தான். இம்முறை அதை மேலே எழுதுங்கள்: மிஷின் ஹாலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் காப்பகம், குழந்தை வயிறு நிறையும்வரை சம்பளத்தோடு இடைவேளை, காண்ட்ராக்ட் பெண்ணுக்கும் அதே உரிமை. விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் 26 வாரக் கூலியைச் சர்க்காரிடம் கேட்க வேண்டும், எத்தனையாவது பிள்ளை என்ற கேள்வி இல்லாமல். ரேஷன் கடையில் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் பருப்பும் கேழ்வரகும் முட்டையும் தனியாகக் கேட்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் மாதர் தோழர்களைக் கொண்டு தன் ஊரில், தன் மில்லில், கைப்பிள்ளை உள்ள உழைப்பாளிப் பெண்களின் கணக்கை எடுக்கட்டும். பிரசவம் ஆன எத்தனையாவது நாளில் வேலைக்குத் திரும்பினார்கள், உதவிப் பணம் எந்த மாதம் எவ்வளவு வந்தது, பால் எப்போது நின்றது, அப்போது ஷிப்டு எத்தனை மணி நேரம். இந்த நான்கு கேள்வி போதும். பெயர் வேண்டாம், கணக்கு வேண்டும். எழுதி அனுப்புங்கள், ஜில்லா வாரியாக நாம் அச்சிடுவோம்.